மதர்போர்டுக்கு ஆயுசு ஐந்து வருடம்தானா?

11 மே 2023

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"எங்கள் கடையில் டிடிபி வேலைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். எச்61 மாடல் மதர்போர்டு, 2012இல் வாங்கியது. தினம் பத்து மணி நேரம் ஓடும். போன வாரம் இரண்டு தடவை தானாக ரீஸ்டார்ட் ஆனது. பார்க்க வந்தவர், 'போர்டுக்கு அஞ்சு வருஷம்தான் ஆயுசு, பதினோரு வருஷம் ஓடினதே லாபம், மாத்திருங்க' என்கிறார். போர்டுக்கு அப்படி ஒரு வயது உண்டா? கல்யாண சீசன். பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபாண்ட்டுகளும் இதில்தான் இருக்கின்றன. புது மெஷினில் அவை ஓடுமா என்றும் பயம்."

11 மே 2023, இரவு

தம்பி, மாற்றாதீர்கள். இந்த வாரமாவது மாற்றாதீர்கள்.

2001இலிருந்து திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். வயதாகிச் செத்த போர்டு என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. போர்டைக் கொல்வது சுவரிலிருந்து வருகிற கரண்ட். எங்கள் மைனி சேரன்மகாதேவியில் டைப்பிங் சென்டர் நடத்துகிறார். அங்கே ஓடுகிற ஜி31 போர்டு 2008இல் நான் மாட்டிக் கொடுத்தது. இன்றைக்கும் காலை ஒன்பதரைக்குப் போட்டால் ராத்திரி எட்டு மணிக்குத்தான் அணைப்பார். அந்தக் கட்டடத்தில் எர்த் அவ்வளவு சுத்தம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். கேபினெட்டின் பின்பக்கத் தகரத்தை விரலின் பின்புறத்தால் லேசாகத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறதா? எஸ்எம்பிஎஸ் (சுவர்க் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கிற பெட்டி) எத்தனை வருடப் பழசு? பிளக் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட் காட்டுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் போர்டை மாற்றினால் புதுப் போர்டும் அதே வழியில்தான் போகும்.

12 மே 2023

தம்பி சொல்கிறார்: கேபினெட் இழுக்கிறதாம். "எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தானே அண்ணாச்சி?"

இல்லை தம்பி. எஸ்எம்பிஎஸ் வாசலில் இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிற பாகம்) உட்கார்ந்திருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து எர்த்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு. இரைச்சலை எர்த்துக்குள் தள்ளிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து 230 வோல்ட்டைப் பாதியாகப் பங்குபோட்டு கேபினெட் தகரத்தில் வைத்துவிடும். கிட்டத்தட்ட 115 வோல்ட். அதில் கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைச் சாதாரணமாகக் கொல்லாது, சுருக்கென்று கடிக்கும். ஆனால் அதே தகரத்தில்தான் போர்டின் கிரவுண்ட் ஸ்க்ரூ போட்டு முறுக்கியிருக்கிறது. யுஎஸ்பியில் பிரிண்டரைச் செருகும்போது, விஜிஏ கேபிளைச் செருகும்போது, அந்தக் கடி போர்டின் போர்ட்டுக்கு விழும். வருடக்கணக்காக.

மீட்டர் வாங்கி வைத்து அளந்து சொல்லுங்கள்.

14 மே 2023

11ஆம் தேதி இரவு எழுதியதைத் திருத்த வேண்டும். 'வயதாகிச் செத்த போர்டே பார்த்ததில்லை' என்று எழுதிவிட்டேன். அது தப்பு. பார்த்திருக்கிறேன், நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். 2003, 2004, 2005 என்று மூன்று நான்கு வருடம் என் வேலையே அதுதான்.

அப்போது வந்த போர்டுகளில் பிராசசரைச் சுற்றி உருளையாக நிற்குமே, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், அவை தலை உப்பி நின்றன. சரியாகத் தயாரிக்கப்படாத எலக்ட்ரோலைட் உள்ளே அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். தலையில் கீறி வைத்திருக்கிற சிலுவைக் கோடு புடைத்துப் பிளக்கும், பழுப்பு நிறத்தில் கசியும். 1999 வாக்கில் தொடங்கி 2007 வரை உலகம் முழுக்க ஓடிய நோய் அது. எத்தனையோ பெயர் பெற்ற கம்பெனிகளின் போர்டுகள் அதில் மாட்டின. அந்தப் போர்டுகளுக்கு ஐந்து வருடம் என்பதே தாராளம். இன்றைக்கும் 'போர்டுக்கு அஞ்சு வருஷம்' என்று வாயில் வருகிறதே, அந்தக் காலத்தில் படிந்த பேச்சுதான் என்று நினைக்கிறேன்.

நல்ல கெப்பாசிட்டருக்கும் கணக்கு ஒன்று உண்டு. '105 டிகிரியில் 2000 மணி நேரம்' என்று அதன் தாளில் போட்டிருக்கும். சூடு பத்து டிகிரி குறையக் குறைய ஆயுசு இரட்டிக்கும். 95இல் 4000, 85இல் 8000, 75இல் 16,000, 65இல் 32,000. தம்பியின் கடை வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 3000 மணி நேரம். கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இருந்தால் ஐந்தேகால் வருடம். 65இல் இருந்தால் பத்து வருடத்துக்கு மேல். பத்தே டிகிரியில் ஆயுசு பாதி. இப்போது அக்னி நட்சத்திரம், பாளையங்கோட்டையில் நிழலிலேயே 38, 39 டிகிரி. மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி, மூடிய மர அலமாரிக்குள் கேபினெட்டை வைக்கிறவர்கள் அந்தப் பத்து டிகிரியைத் தாங்களாகவே ஏற்றுகிறார்கள்.

ஆக, கரண்ட் ஒன்று, சூடு இன்னொன்று.

15 மே 2023

'சாலிட் கெப்பாசிட்டருக்கும் இதே கணக்கா?' என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இல்லை. தலையில் கோடு இல்லாமல், மேலே ஊதா அல்லது நீல நிறத்தில் பிறைபோல மை வைத்துக் குட்டையாக இருப்பது பாலிமர் வகை. உள்ளே திரவமே கிடையாது, காய்ந்துபோக ஒன்றும் இல்லை. இருபது டிகிரி குறைந்தால் ஆயுசு பத்து மடங்கு என்பது அதன் கணக்கு. 105இல் 5000 மணி என்றால் 85இல் 50,000, 65இல் 5 லட்சம். காகிதத்தில் ஐந்து லட்சம் மணி நேரம் என்பது நம் பேரன் காலம் வரைக்கும் வரும். அப்போது போர்டில் வேறு ஏதாவதுதான் முதலில் போகும். தம்பியின் எச்61 போர்டில் இரண்டு வகையும் கலந்து இருக்கும். பிராசசர் பக்கம் சாலிட், ஆடியோ பக்கமும் ரேம் பக்கமும் சாதா. அந்தக் காலத்து விலை குறைந்த போர்டுகளில் அதுதான் வழக்கம்.

19 மே 2023

கெப்பாசிட்டரை வீட்டிலேயே மாற்றலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கை பழகியவர்கள் மாற்றலாம். எப்படி என்று சொல்கிறேன்.

சாதா ரேடியோ போர்டில் 25 வாட் அயர்ன் வைத்ததும் ஈயம் உருகும். மதர்போர்டில் வைத்தால் மைனஸ் கால் மட்டும் உருகவே உருகாது. உள்ளே அடுக்கடுக்காகச் செம்புத் தகடு, அத்தனையும் அந்தக் காலோடு இணைந்திருக்கும். அயர்னின் சூட்டை அது குடித்துக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, 2006 ஜூலை முதல் ஐரோப்பாவில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு பற்ற வைக்கும் கலவையும் மாறிவிட்டது. பழைய ஈயக் கலவை 183 டிகிரியில் இளகும். இப்போதுள்ளது 217க்கு மேல்.

அதனால் முதலில் காலின் மேல் பழைய ஈயக் கலவையைக் கொஞ்சம் புதிதாக ஊற்றுங்கள். இரண்டும் கலந்தால் சீக்கிரம் இளகும். 60 வாட் அயர்ன் வேண்டும். ஒரு கால் இளகியதும் கெப்பாசிட்டரை அந்தப் பக்கம் லேசாகச் சாய்க்க வேண்டும், அப்புறம் அடுத்த கால், மறுபடியும் முதல் கால். பால்பல் ஆட்டி எடுப்பதுபோலத்தான். சட்டென்று இழுத்தால் துளைக்குள் இருக்கிற செம்புக் குழலும் கூடவே வந்துவிடும், போர்டு போச்சு. கெப்பாசிட்டர் வந்த பிறகு துளை அடைத்திருக்கும். ஒரு பக்கம் சூடு காட்டிக்கொண்டே மறுபக்கம் துருப்பிடிக்காத தையல் ஊசியை விட்டுத் திருகினால் திறக்கும். ஊசியில் ஈயம் ஒட்டாது.

கழற்றுவதற்கு முன் ஃபோனில் படம் எடுங்கள். சில போர்டில் வெள்ளை அடித்த பாதி மைனஸ், சிலவற்றில் அது தலைகீழ். மாற்றிப் போட்டால் வெடிக்கும். டிவியிலிருந்து கழற்றிய 85 டிகிரி கெப்பாசிட்டரைக் கொண்டுவந்து போடாதீர்கள். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்தது) என்று கேட்டு வாங்குங்கள். 6.3 வோல்ட் இருந்த இடத்தில் 10 வோல்ட் போடலாம், குறைத்துப் போடக்கூடாது.

20 மே 2023

தம்பி எஸ்எம்பிஎஸ் மாற்றிவிட்டாராம். ரீஸ்டார்ட் நின்றுவிட்டதாம். சந்தோஷம். எர்த் அளந்தீர்களா என்று கேட்டேன். "சீசன் முடியட்டும் அண்ணாச்சி" என்கிறார்.

10 ஜூன் 2023

முக்கூடலிலிருந்து ஒரு கேபினெட் வந்தது. வீட்டில் நான்கு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கம்ப்யூட்டர் பேரனுடையது. பக்கத் தகட்டைக் கழற்றியதுமே கடை முழுக்கப் புகையிலை வாடை. பிராசசரின் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்கின் இதழ்களுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்று ஒரு பக்கமும் போகவில்லை.

சாதா தூசி உலர்ந்து கிடக்கும், ப்ளோயர் வைத்தால் பறந்துவிடும். புகையிலைத் தூள் ஈரத்தை இழுத்துப் பிடித்து அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஆடி ஆவணிச் சாரலில் காற்றே நனைந்து வரும்போது அந்தத் தூசி போர்டின் மேல் பசைபோல உட்காரும். சிப்பின் கால்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, அங்கே இந்த ஈரப் பசை படிந்தால் கரண்ட் கசியும். தென்காசி, கடையம், ஆலங்குளம் பக்கமெல்லாம் இதைக் கவனியுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்ற விடாதீர்கள்.

கல்லிடைக்குறிச்சித் தம்பிக்கும்தான். உங்கள் ஊர் அப்பள மாவு மட்டும் என்ன, சும்மா விடுமா?

12 ஜூன் 2023

பத்தமடையிலிருந்து கேட்கிறார்கள், கோரைப்புல் தூசி? அது நீளநீளமாக வரும், ஃபேனில் சுற்றிக்கொள்ளும். பிசுபிசுப்பு கிடையாது. எடுத்துவிடலாம்.

22 ஜூலை 2023

உவரியிலிருந்து ஒரு அண்ணாச்சி எழுதியிருக்கிறார். கடற்கரையிலிருந்து நூறு அடியில் வீடு. பத்து வருடத்தில் மூன்றாவது போர்டாம். எர்த் போட்டிருக்கிறார், யுபிஎஸ் இருக்கிறது, தூசியும் இல்லை. "நீங்க சொன்னது எல்லாம் இருக்கு, பின்ன ஏன்?"

இதை நான் நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கம்ப்யூட்டர் கடலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே இருந்தது. பின்பக்கம் யுஎஸ்பி போர்ட்டின் தகரம் முழுக்கத் துரு. ரேமைக் கழற்றிப் பார்த்தேன். தங்கப் பூச்சுள்ள பற்களின் ஓரத்தில் பச்சை. போர்டில் ஸ்க்ரூ துளையைச் சுற்றிச் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தால் செம்பு கரைந்து இடம்விட்டு இடம் நகரும். இதற்கு எர்த்தும் யுபிஎஸ்ஸும் ஒன்றும் செய்யாது.

அம்பாசமுத்திரத்தில் பன்னிரண்டு வருடம் ஓடுகிற போர்டு உவரியில் நாலு வருடம் ஓடினால் அது போர்டின் குற்றம் இல்லை. நான் சொன்னது: உள் அறைக்கு மாற்றுங்கள். ராத்திரி அணைத்ததும் துணி போட்டு மூடுங்கள், ஓடும்போது மூடாதீர்கள். ரேம் பற்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் வைத்துத் தேய்க்கிறோமே, அது அவசரத்துக்குச் சரி. அடிக்கடி தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும்.

வரும்போது மீன் குழம்பு ஊற்றி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோரும் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

5 செப்டம்பர் 2023

சின்னக் குறிப்பு. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் தேதி பழையபடி எங்கேயோ போய் நின்றால், எஃப்1 அழுத்து என்று கேட்டால், போர்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். சிஆர்2032 என்று எழுதிய வெள்ளி நாணயம் மாதிரி பேட்டரி, 3 வோல்ட், முப்பது நாற்பது ரூபாய்தான். நேற்று ஒருவர் இதற்காகப் புதுப் போர்டே வாங்கிவிட்டு, பழையதை 'பார்ட்ஸுக்கு வச்சுக்கோங்க' என்று என்னிடம் கொடுத்தார். பேட்டரியை மாற்றி, ஓட வைத்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

28 அக்டோபர் 2023

ஐப்பசி இடி தொடங்கிவிட்டது. இந்த வாரம் மட்டும் லேன் போர்ட் செத்த போர்டு மூன்று.

மழை இருட்டினதும் எல்லோரும் பவர் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். லேன் வயரை மறந்துவிடுகிறார்கள். இடி பக்கத்தில் விழுந்தால் நீளமாக ஓடுகிற எந்தச் செம்பு வயரிலும் வோல்டேஜ் தூண்டப்படும். செம்பு டெலிபோன் லைனில் நெட் வந்த காலத்தில் இது தினசரிக் கதை: முதலில் மோடம், அடுத்து லேன் சிப், சில சமயம் போர்டின் பாகங்களை இணைக்கிற சிப்செட் வரைக்கும் போகும். இப்போது ஃபைபர் வந்துவிட்டது. கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது. ஆனால் ஃபைபர் டப்பாவிலிருந்து மாடிக்கு ஓடுகிற நாற்பது அடி லேன் வயர் செம்புதானே? அதன் அடாப்டரும் சுவரில்தானே செருகியிருக்கிறது? இரண்டையும் பிடுங்குங்கள்.

இன்னொன்று. கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்தாலும் போர்டுக்குள் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்தால்தான் அது சாகும். ராத்திரி பத்துக்கு அணைத்து காலை ஒன்பதுக்குப் போடுகிறவர் வீட்டில் பதினோரு மணி நேரம் போர்டு வேலையில்லாமல் விழித்திருக்கிறது. ஸ்விட்சை அணையுங்கள்.

30 அக்டோபர் 2023

நியூட்ரல் கட் பற்றி ஏன் எழுதவில்லை என்று மேலப்பாளையத்து நண்பர் கோபிக்கிறார். அவர் தெருவில் நடந்ததால் கேட்கிறார், நியாயம். தெருவுக்கு வருகிற மூன்று ஃபேஸுக்கும் பொதுவான நியூட்ரல் வயர் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 பக்கம்கூட வந்துவிடும். அன்றைக்கு ஒரே சாயங்காலத்தில் அந்தத் தெருவிலிருந்து பதினோரு எஸ்எம்பிஎஸ் என் மேசைக்கு வந்தது. கனமான, நல்ல எஸ்எம்பிஎஸ் இருந்த கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ் மட்டும் செத்தது, போர்டு தப்பியது. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்குமே, அந்த மலிவு எஸ்எம்பிஎஸ்களில் இரண்டு, போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயின. போர்டில் மிச்சம் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

26 டிசம்பர் 2023

17, 18 தேதி மழையைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் கடையில் முழங்காலுக்கு மேல் நின்றது. கரண்ட் இன்றுவரை சரியாக வரவில்லை, ஃபோனில்தான் எழுதுகிறேன்.

தண்ணீரில் நின்ற கம்ப்யூட்டரை வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். போட்டுப் பார்க்காதீர்கள். 'ஓடுதான்னு ஒரு தடவை பாத்துருவோம்' என்று போட்டால் அந்த ஒரு தடவைதான். தண்ணீர் மட்டும் போர்டைக் கொல்லாது. தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால்தான் கொல்லும்.

முதல் வேலை, அந்த நாணயப் பேட்டரியை எடுங்கள். 3 வோல்ட்தானே என்று விடாதீர்கள், ஈரத்தில் அதுவே செம்பை அரிக்கும். பிராசசர், ரேம், எல்லாம் கழற்றுங்கள். பின் போர்டைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். ஆமாம், கழுவுங்கள். வெள்ளத் தண்ணீரில் வண்டலும் சாக்கடையும் உப்பும் இருக்கிறது, அது காய்ந்து உட்கார்ந்தால்தான் ஆபத்து. மெல்லிய பிரஷ்ஷால் ரேம் ஸ்லாட், பிசிஐ ஸ்லாட் உள்ளே எல்லாம் தேயுங்கள். பிராசசர் சாக்கெட்டில் மட்டும் பிரஷ் வைக்கக்கூடாது. 2004இல் வந்த 775 சாக்கெட்டிலிருந்து இன்டெல்லுக்குப் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, முடி மாதிரி, ஒன்று வளைந்தால் எல்லாம் வீண். அங்கே தண்ணீரை ஊற்றி மட்டும் விடுங்கள். அடுத்து பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரால் ஒரு அலசு. கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் ஒரு அலசு. ஃபேனுக்கு அடியில் நிறுத்திவைத்து நான்கு நாள். இப்போது மார்கழி வெயில், அதை நம்பாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழுவி வைக்க வேண்டாம். புதிது வாங்குங்கள்.

11 ஜனவரி 2024

கழுவிய போர்டுகளில் முக்கால்வாசிக்கு டிஸ்ப்ளே வந்துவிட்டது. சிந்துபூந்துறையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் போர்டு, மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. ஸ்லாட்டிலிருந்து வண்டலைக் குச்சியால் நோண்டி எடுத்தோம். ஓடுகிறது. அவர் மகள் பன்னிரண்டாம் வகுப்பு, பாடக் குறிப்பெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. தண்ணீர் ஏறும் முன்னே தெருவில் கரண்ட் போயிருந்தது, அதுதான் காப்பாற்றியது. யுபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஏறிய போர்டு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

20 ஏப்ரல் 2024

ஜனவரியில் எழுதியதற்கு ஒரு திருத்தம், மனசில்லாமல் எழுதுகிறேன். பிழைத்தன என்று சொன்ன போர்டுகளில் சில திரும்பி வருகின்றன. ஒன்றில் ஆடியோ இல்லை, ஒன்றில் ஒரு ரேம் ஸ்லாட் எடுக்கவில்லை, இரண்டு மொத்தமாகப் போய்விட்டன. சிப்புக்கு அடியில் கழுவ முடியாமல் தங்கிய வண்டல் உள்ளே அரித்திருக்கிறது. வாத்தியார் போர்டு இன்னும் ஓடுகிறது. ஆனால் வெள்ளத்தில் நின்ற போர்டு வைத்திருக்கிற எல்லோரும் இன்றைக்கே பேக்கப் எடுங்கள். இதை ஜனவரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

18 ஆகஸ்ட் 2024

'புதுப் போர்டுகள் பழசைவிட உறுதியா?' என்று ஒரு காலேஜ் மாணவர் கேட்கிறார்.

பாகங்கள் உறுதி. கெப்பாசிட்டர் முழுக்க சாலிட். ஆனால் கட்டுப்பாடு முழுக்க இப்போது பயாஸ் என்கிற, போர்டுக்குள்ளேயே இருக்கும் சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. போன வருடம் ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் சில பிராசசர்கள் சாக்கெட்டோடு கருகின. சில போர்டுகள் தானாகவே அதிக வோல்டேஜ் கொடுத்தன. பிறகு பிராசசருக்குள் எஸ்ஓசி என்ற பகுதிக்குப் போகிற வோல்டேஜை 1.3க்கு மேல் விடாதபடி பயாஸ் அப்டேட் வந்தது. இந்த வருடம் இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் பிராசசர்கள் நிலை தடுமாறுகின்றன. அதிக வோல்டேஜ்தான் காரணம் என்று அவர்களே சொல்லி, இந்த மாதம் மைக்ரோகோட் (பிராசசரின் உள் கட்டளைகள்) திருத்தம் விட்டிருக்கிறார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள். புதுப் போர்டு மாட்டினால் முதல் வேலை பயாஸ் அப்டேட். யுபிஎஸ் இருக்கும்போது மட்டும், இடி இல்லாத நாளில்.

பழசிலும் இது இல்லாமல் இல்லை. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டைத் திரும்பப் பெற்றது. ஹார்ட் டிஸ்க்கைச் செருகுகிற சாட்டா போர்ட்டுகளை ஓட்டுகிற ஒரு டிரான்சிஸ்டருக்கு வேண்டியதைவிட அதிக வோல்டேஜ் போனது. புதிதாக இருக்கும்போது தெரியாது, வருடங்கள் போகப் போக அந்தப் போர்ட்டுகள் தளர்ந்துவிடும். சரிசெய்யவே 70 கோடி டாலர் ஆகும் என்று சொன்னார்கள். கல்லிடைக்குறிச்சித் தம்பியின் எச்61 அதே குடும்பம்தான். ஆனால் 2012இல் வாங்கியது, திருத்திய சிப்செட்டாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

தம்பி, எர்த்?

19 அக்டோபர் 2025

விண்டோஸ் 10க்கு 14ஆம் தேதியோடு அப்டேட் நின்றது. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கேட்கிறது, இன்டெல்லில் 8ஆம் தலைமுறைக்குக் கீழே எடுக்காது. இந்த வாரம் கடைக்கு வந்த போர்டுகளில் பாதி நன்றாக ஓடுகிறவை. கெப்பாசிட்டர் உப்பவில்லை, துரு இல்லை. நான் எத்தனையோ வருடம் தூசி தட்டிக் காப்பாற்றியவை. அவற்றை எடைக்குப் போடச் சொல்கிறார்கள். இதை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது.

படிக்கிற பிள்ளைகளுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். டிடிபிக்காரர்கள் கதை வேறு. பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது, பழைய ஃபாண்ட்டில் அடித்த ஆயிரக்கணக்கான பத்திரிகைகள் அதில்தான் திறக்கும். அவர்களுக்கு நான் சொல்வது: அந்த மெஷினிலிருந்து நெட்டைப் பிடுங்கிவிடுங்கள். அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்கும் பேங்க் வேலைக்கும் வேறு ஒன்று. மைனியின் ஜி31க்கும் அதைத்தான் செய்தேன். பதினேழு வருடம் ஆகிறது.

16 நவம்பர் 2025

தம்பி வந்தார். கையில் எச்61 போர்டு, துணிப்பையில் சுற்றி. ஆன் ஆகிறது, டிஸ்ப்ளே வரவில்லை. ரேம் பக்கம் இரண்டு சாதா கெப்பாசிட்டர் உப்பியிருந்தது. மாற்றினேன், வந்துவிட்டது. ஒரு யுஎஸ்பி ஜோடி செத்திருக்கிறது, அது வராது.

"இதை மாட்டுறதுக்கு முன்னால நானே வாரேன்" என்று சொல்லி அவரோடு பஸ் ஏறினேன்.

கடையில் பிளக் பாயிண்டை மீட்டர் வைத்துப் பார்த்தோம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 228. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 71, அதாவது எர்த்தே இல்லை. மெயினை அணைத்துவிட்டு ஊர் எலக்ட்ரீஷியன் அண்ணாச்சி பெட்டியைக் கழற்றினார். எர்த் பின்னிலிருந்து பச்சை வயர் புறப்பட்டு, சுவருக்குள் ஒரு சாண் போய், அங்கேயே வெட்டி மடக்கி, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தது. கடை கட்டிய நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருக்கும். தம்பி அந்த வயர் நுனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்பக்கம் குழி தோண்டிப் பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி மூட இரண்டு நாள் ஆனது. வாய்க்கால் ஓரத்து மண் என்பதால் ஈரம் நன்றாக இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் தேரி மணலாக இருந்தால் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்ற வேண்டியிருக்கும்.

18 நவம்பர் 2025

தம்பி காலையில் ஃபோன் செய்தார். மீட்டர் வாங்கிவிட்டாராம். "அண்ணாச்சி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்று புள்ளி நாலு வோல்ட்." கேபினெட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஒண்ணுமே தெரியல அண்ணாச்சி, வெறும் தகரம் மாதிரி இருக்கு" என்றார்.